சதவீதம் என்றால் எடையில் என்று எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐந்து கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவள் நான். நான்கு ஜெர்சி கலப்பு, ஒன்று நம் காங்கயம் பசு. இருபத்திரண்டு வருடமாகத் தங்கள் நாளிதழ் எங்கள் வீட்டுக்கு வருகிறது. மாலைக் கறவை முடிந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து வேளாண் பக்கத்தைப் படிக்காமல் நான் அடுப்படிக்குப் போவதில்லை.

சென்ற வாரம் அந்தப் பக்கத்தில், வீட்டிலேயே கலப்புத் தீவனம் தயாரிப்பது எப்படி என்று ஒரு குறிப்பு வந்தது. மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 32, தவிடு 28, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1 என்று சதவீதம் போட்டிருந்தீர்கள். படித்ததும் கை தானாகக் கூட்டிப் பார்த்தது. 103 வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனைக் கூப்பிட்டுக் கூட்டச் சொன்னேன். அவனுக்கும் 103தான் வந்தது. நூற்றுக்கு நூற்று மூன்று சதவீதம் எப்படி இருக்கும் அம்மா என்று கேட்டான்.

இந்த மூன்று கிலோ வித்தியாசத்தால் எந்த மாடும் செத்துவிடாது. அந்த எண்களைச் சதவீதமாகக் கொள்ளாமல் பங்காகக் கொண்டு, ஒவ்வொன்றையும் 103ஆல் வகுத்தால் மக்காச்சோளம் 38.8, புண்ணாக்கு 31.1, தவிடு 27.2 என்று சரியாகிவிடும். தவிடு 25 என்பது அச்சில் 28 ஆகியிருக்கும் என்பது என் ஊகம். 25 என்று வைத்தால் மொத்தம் 100 வருகிறது. என்னை எழுத வைத்தது வேறு. அந்தக் குறிப்பில் ஓர் இடத்தில்கூட ‘எடையில்’ என்ற சொல் இல்லை. அந்த ஒரு சொல் இல்லாததால் நான் பட்ட பாட்டைத் தாங்களும் வாசகர்களும் அறிய வேண்டும்.

ஆறு வருடங்களுக்கு முன்பு வரை கடைத் தீவனம்தான் போட்டுக்கொண்டிருந்தோம். விலை ஏற ஏறக் கட்டுப்படியாகவில்லை. சொந்தத் தோட்டத்தில் மக்காச்சோளம் விளைகிறதே, நாமே கலந்துகொள்வோம் என்று முடிவெடுத்தோம். எங்கேயோ கேட்ட அளவு இதே 40, 32, 25தான். என் மாமனார் வள்ளத்திலும் படியிலும் அளந்தே வாழ்ந்தவர். “அம்மணி, நாற்பதுக்கு நாலு டின், முப்பத்திரண்டுக்கு மூணு டின், இருபத்தஞ்சுக்கு ரெண்டரை டின். அதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்?” என்றார். பதினைந்து கிலோ எண்ணெய் டின் ஒன்று கட்டுத்தரையில் கிடந்தது. அதில் நான்கு டின் மக்காச்சோளக் குருணை, மூன்று டின் புண்ணாக்குத் தூள், இரண்டரை டின் கோதுமைத் தவிடு அளந்து கொட்டினோம். தாது உப்பு இரண்டு கிலோ பாக்கெட்டில் வந்தது, உப்பு ஒரு கிலோ பாக்கெட். இரண்டையும் தூவிக் கலந்தோம். மாடுகள் ஆசையாகத் தின்றன. எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

பத்தாம் நாள், தலைச்சன் கன்று ஈன்றிருந்த சிவப்பு மாட்டின் சாணம் இளகியது. அதில் முழுசும் அரையுமாக மக்காச்சோளத் துணுக்கு மின்னியது. அசை போடுவது குறைந்தது. மதியத்தில் படுத்துக்கொண்டு சும்மா மெல்லும் மாடு, தாடையை அசைக்காமல் கண்ணை மூடி நின்றது. சொசைட்டியில் வரும் கொழுப்பு அளவு 4.2லிருந்து 3.8, பிறகு 3.3 என்று இறங்கியது. பாலில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிடுமோ என்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. பால் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பேச்சு எத்தனை வருடமானாலும் அழியாது.

கால்நடை மருத்துவர் வந்தார். வயிற்றைக் கையால் அழுத்திப் பார்த்தார். சாணத்தை விரலால் பிரித்துப் பார்த்தார். “தவிடு எவ்வளவு போடுகிறீர்கள்?” என்று கேட்டார். இரண்டரை டின் என்றேன். “டின்னுக்கு எத்தனை கிலோ?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

பருத்தி எடை போட்ட காலத்துத் தொங்கு தராசு ஒன்று எங்கள் விட்டத்தில் மாட்டியே கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, அவரே ஒவ்வொன்றாக எடை போட்டார். காலி டின் ஒரு கிலோ. மக்காச்சோளம் நிரப்பிய டின் 12 கிலோ, டின்னைக் கழித்தால் 11. புண்ணாக்குத் தூள் 9.5. தவிட்டு டின்னைத் தூக்கி மாட்டும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒற்றைக் கையில் தூக்கிவிட்டேன். கழித்துப் பார்த்தால் 4 கிலோ.

அன்று கட்டுத்தரைச் சுவரில் அவர் கரிக்கட்டியால் எழுதிய கணக்கை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு அடிக்கும்போதும் அந்த இடத்தை விட்டுத்தான் அடிக்கச் சொல்வேன். மக்காச்சோளம் 44 கிலோ, புண்ணாக்கு 28.5, தவிடு 10, தாது உப்பு 2, உப்பு 1. மொத்தம் 85.5 கிலோ. 44ஐ 85.5ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 51.5. அதாவது 40 என்று நினைத்துக்கொண்டு பாதிக்கு மேல் மக்காச்சோளத்தைக் கொட்டியிருக்கிறேன். தவிடு 25 என்று நினைத்தது 11.7தான்.

இதில் ஒரு விஷயம் என்னை இன்றுவரை யோசிக்க வைக்கிறது. மக்காச்சோளத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 9, கடலைப் புண்ணாக்கில் 40, கோதுமைத் தவிட்டில் 14 பங்கு புரதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், சரியான கலவையில் புரதம் 19.9 சதவீதம் வருகிறது. நான் டின்னால் அளந்த கலவையில் 19.6. இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் புரதத்தை மட்டும் பார்த்திருந்தால் நல்ல தீவனம் என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மாவுச்சத்து ஏறி, நார் இறங்கிவிட்டது. மாவு கூடினால் பெரிய இரைப்பையில் அது நொதித்து அமிலம் கூடிப் புளித்துவிடும், நார் குறைந்தால் அசை போடுவது குறையும், அசை குறைந்தால் உமிழ்நீர் குறையும், அந்தப் புளிப்பைத் தணிக்க வழி இருக்காது, பாலில் கொழுப்பு விழும் என்று மருத்துவர் சொன்னார். ஆப்பசோடா கொடுக்கச் சொன்னார். நான்கு நாளைக்கு அடர்தீவனத்தை, அதாவது இந்தக் கலப்புத் தீவனத்தை நிறுத்தி, சோளத்தட்டும் எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் மட்டும் போடச் சொன்னார். மாடு தேறியது. கொழுப்பு பழையபடி நாலைத் தொட மூன்று வாரம் ஆனது.

மாமனாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் காலத்தில் படிக்கணக்கு தப்பில்லை. கம்பு ஒரு படி, ராகி ஒரு படி என்று ஒரே மாதிரித் தானியங்களை அளந்தார்கள், எடையிலும் அதிக வித்தியாசம் வராது. தவிடும் மக்காச்சோளமும் அப்படி அல்ல. ஒரே டின்னில் ஒன்று நான்கு கிலோ, மற்றது பதினொன்று. சதவீதம் போட்டு எழுதும் எந்தத் தீவனக் குறிப்பும் எடையைத்தான் சொல்கிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். படிக்கிறவர் கையில் இருப்பதோ டின், பக்கெட், முறம். ‘எடையில்’ என்று ஒரு சொல் சேர்த்தால் அவர் தராசைத் தேடுவார்.

சதவீதம் தெரிந்தாலும் அதைத் தன் வீட்டு அளவுக்குக் கொண்டுவருவது எல்லாருக்கும் கைவருவதில்லை. போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கலவை போடும் நாளில் புண்ணாக்கு மூட்டையைப் பிரித்தால் 24 கிலோதான் மிச்சம். கடை பூட்டியிருந்தது. நூறு கிலோ போட 32 கிலோ வேண்டும். என் மகன், “எட்டுக் கிலோ குறைகிறது, எல்லாவற்றிலும் எட்டுக் கிலோ குறைத்துவிடலாம்” என்றான். அப்படிச் செய்தால் மக்காச்சோளம் 32, தவிடு 17 என்று விகிதமே சிதைந்துவிடும். வா என்று சுவர்ப் பக்கம் கூட்டிப்போனேன். 32 கிலோ புண்ணாக்கு இருந்தால் நூறு கிலோ தீவனம், 24 இருந்தால் எவ்வளவு? 24ஐ 32ஆல் வகுத்து நூறால் பெருக்கு என்றேன். 75 என்றான். அப்படியானால் இன்றைக்கு நாம் போடப்போவது 75 கிலோ. அதில் நாற்பது சதவீதம் 30 கிலோ மக்காச்சோளம். இருபத்தைந்து சதவீதம் 18 கிலோ 750 கிராம் தவிடு. தாது உப்பு ஒன்றரைக் கிலோ, உப்பு முக்கால் கிலோ. எல்லாவற்றையும் கூட்டச் சொன்னேன். 75 வந்ததும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தள்ளுபடியிலும் லாப நட்டத்திலும் அவன் எத்தனையோ சதவீதக் கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்கியவன். தன் கையால் எடை போட்டுக் கொட்டி, கடைசியில் கணக்கு நேராக வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தான்.

அந்த 32 எங்கிருந்து வந்தது என்பதையும் ஒருமுறையாவது அச்சிட்டால் நன்றாக இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதியில் கலப்புத் தீவனத்தின் முதல் வகைக்குக் குறைந்தது 22, இரண்டாம் வகைக்கு 20 சதவீதம் புரதம் வேண்டும், ஈரம் 11க்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. நமக்கு 20 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோவில் மூன்று கிலோ உப்பு வகை, அதில் புரதம் கிடையாது. ஆகவே மீதி 97 கிலோவுக்குள் 20 கிலோ புரதம் அடங்க வேண்டும், அதாவது 20.6 சதவீதம். மக்காச்சோளமும் தவிடும் சேர்ந்த கலவையில் சுமார் 11, புண்ணாக்கில் 40. ஒரு சதுரம் போட்டு, இடப்பக்க மூலைகளில் 40, 11, நடுவில் 20.6 எழுதி, குறுக்காகக் கழிக்க வேண்டும். நாற்பதில் 20.6 போனால் 19.4, அது மக்காச்சோளம் தவிட்டின் பங்கு. 20.6இல் 11 போனால் 9.6, அது புண்ணாக்கின் பங்கு. மொத்தம் 29 பங்கு. 97 கிலோவை 29 பங்காக்கி 9.6 பங்கு எடுத்தால் 32 கிலோவும் கொஞ்சமும். இதற்குப் பியர்சன் சதுரம் என்று பெயர். ஒருநாள் பயிற்சியில் இதைக் கற்றுக்கொண்டபோது, இத்தனை நாள் யாரோ சொன்ன எண்ணாக இருந்தது என் சொந்த எண்ணாக ஆனது போல இருந்தது.

இது தெரிந்திருந்தால்தான் பொருள் மாறும்போது தடுமாறாமல் இருக்கலாம். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்கில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை, எங்கள் ஊர் வரை வருகிறது. விலை மலிவு. மக்காச்சோளத்துக்குப் பதில் கிலோவுக்குக் கிலோ திப்பி போடலாம் என்கிறார்கள். காய்ந்த திப்பியில் புரதம் இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான். நாற்பது கிலோ மக்காச்சோளத்தில் இருபதை எடுத்துவிட்டு இருபது திப்பி போட்டால் கலவையின் புரதம் ஏறக்குறைய 20லிருந்து 18.5க்கு இறங்கும். புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டி ஈடுகட்டலாம், தப்பில்லை. ஈரத் திப்பி என்றால் கதையே வேறு. அதன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். இருபது கிலோ ஈரத் திப்பி என்று எடை போட்டுக் கொட்டினால் நாலு கிலோ தீவனமும் பதினாறு கிலோ தண்ணீரும்தான் கலவையில் சேரும். அதோடு புண்ணாக்குக் கலவையில் ஈரம் சேர்ந்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கின் நஞ்சு பாலுக்கும் வந்துவிடும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

யூரியாவைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. தங்கள் குறிப்பின் அடியில் இரண்டு வரி இருந்தது. வைக்கோலுக்கு 4 சதவீத யூரியா தெளிக்கலாம் என்று ஒன்று. அடர்தீவனத்தில் யூரியா 1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று மற்றொன்று. இரண்டும் சரியான செய்திதான். ஆனால் எதில் நாலு, எதில் ஒன்று என்பது ஒரே மூச்சில் படிக்கிறவர் மனதில் குழம்பிப்போகும். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்து, பிரித்து ஆறவிட்ட பிறகு போடுவது ஒன்று. அடர்தீவனத்தில் ஒரு சதவீதம் என்றால் 25 கிலோ கலவைக்கு 250 கிராம். அதே 25 கிலோவில் ‘நாலு சதவீதம்தானே’ என்று ஒரு கிலோ யூரியாவைக் கொட்டிவிட்டால் மாட்டுக்கு வாயில் நுரை தள்ளும், உடம்பு நடுங்கும், வயிறு ஊதும், மருத்துவர் வந்து சேருவதற்குள் உயிர் போய்விடும். நான் யூரியாவைக் கட்டுத்தரைக்குள்ளேயே கொண்டுவருவதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு அது கூடவே கூடாது. இந்த இரண்டு வரிகளையும் இனிமேல் ஒரே பத்தியில் போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். போட்டால், எந்தப் பொருளின் எத்தனை கிலோவுக்கு எத்தனை கிராம் என்று எழுதிப் போடுங்கள்.

எடை சரியாக இருந்தும் கலப்பதில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. இரண்டு கிலோ தாது உப்பை நூறு கிலோ குவியலின் தலையில் கொட்டி மண்வெட்டியால் இரண்டு புரட்டுப் புரட்டினால் ஒரு மாட்டுக்கு அத்தனையும் போகும், இன்னொன்றுக்கு ஒன்றும் இராது. நான் தாது உப்பையும் உப்பையும் முதலில் ஐந்து கிலோ தவிட்டில் பிசிறி, அதை மீதித் தவிட்டில் கலந்து, கடைசியில்தான் குருணையிலும் புண்ணாக்கிலும் சேர்க்கிறேன். மூட்டையோடு எடை போட்டால் சாக்கின் எடையைக் கழித்துவிட வேண்டும். சணல் சாக்கு முக்கால் கிலோ வரை இழுக்கிறது.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிதல்ல. அந்தக் குறிப்பின் திருத்தத்தை அடுத்த வேளாண் பக்கத்தில் வெளியிடுங்கள். சதவீதம் வரும் இடத்தில் எல்லாம் ‘எடையில்’ என்று சேருங்கள். கடைசியில் மொத்தம் 100 என்று ஒரு வரி போடுங்கள், அச்சில் எண் தவறினால் வாசகரே கண்டுபிடித்துக்கொள்வார். பக்கத்திலேயே 25 கிலோவுக்கான கணக்கையும் கொடுங்கள், ஏனென்றால் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள்தான் எங்களில் அதிகம், நூறு கிலோ போட்டு வைத்தால் கெட்டுப்போகும். அவர்களுக்கு மக்காச்சோளம் 10 கிலோ, கடலைப் புண்ணாக்கு 8 கிலோ, தவிடு 6 கிலோ 250 கிராம், தாது உப்பு 500 கிராம், உப்பு 250 கிராம். கூட்டினால் 25 கிலோ. ஒரு நாளைக்குப் பசுவின் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அதோடு கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று இதைப் போடலாம். போடும்போதும் மக்கில் அள்ளிப் போடாமல், அந்த மக் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று ஒரு தடவையாவது தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்ற வாரக் குறிப்பைக் கத்தரித்து வைத்துக்கொண்டு எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் டின்னால் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு நேற்றே போய் எடை போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்னொரு வீட்டுக்கு நாளைக் காலைக் கறவை முடிந்ததும் தராசை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.